அடிக்கு அளவான சப்பாத்து

தமிழிலே 'அடி' என்பது மிகச் சிறிய சொல். ஆயினும் அது தாங்கும் பொருள்கள் பல. மனிதன் நிலத்தில் ஊன்றி நிற்கும் பாதம் அடி. மரம் மண்ணில் வேரூன்றி நிற்கும் இடமும் அடி. 12 அங்குலம் கொண்ட அளவும் அடி; செய்யுளின் ஒரு வரியும் அடி; பிறர் கையால் வாங்கும் வலியும் அடியே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிப் பகுதியில், யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில், கரவெட்டியை அடுத்து அமைந்த சந்தை நகரம் ஒன்று இச்சொல்லைத் தன் பெயரிலேயே கொண்டிருக்கிறது. நெல்லியடி என்பது அந்நகரின் பெயர். நெல்லி மரத்தின் அடியில் அமைந்த இடம் என்பதே அப்பெயர் தரும் நேர்ப்பொருள்.

மனிதன் முதன்முதலில் உலகை அளந்தது தன் உடம்பைக் கொண்டே என்பது அறிஞர் பலரும் ஒப்பிய செய்தி. தமிழரின் பழைய நீட்டலளவையில் 8 நெல் ஒரு விரல். 12 விரல் ஒரு சாண். 2 சாண் ஒரு முழம். மேனாட்டார் பாதத்தின் நீளத்தையே ஓர் அளவாகக் கொண்டு, அதற்குப் பாதத்தின் பெயரையே இட்டனர். அவ்வளவு தமிழிலும் அடியாயிற்று. இவ்வாறு காணியையும் கிணற்றையும் வீட்டையும் அளக்க உதவிய அடியை, அதற்கென ஒரு பாதணி வாங்கும்போது மட்டும் அளப்பார் அரியர். நெல்லியடிச் சந்தியிற் சட்டை தைக்கக் கொடுப்பவரைத் தையற்காரர் கழுத்து, தோள், மார்பு, இடை, கை எனத் தனித்தனியே அளந்து எழுதிக்கொள்கிறார். அடுத்த கடையிற் சப்பாத்து வாங்குபவரிடம் கேட்கப்படும் கேள்வியோ ஒன்றே: "என்ன நம்பர்?" சட்டை சற்றே பிசகினால் அழகு கெடும், அவ்வளவுதான். நாள் முழுவதும் உடம்பின் பாரத்தைச் சுமக்கும் பாதத்தில் சப்பாத்துப் பிசகினால் கெடுவது அழகன்று, நடை. சிலருக்குக் காலே கெட்டுவிடுகிறது.

பாதம் என்பது ஒரு தட்டையான பலகையன்று. ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. அவற்றை இணைக்கும் மூட்டுகளும் தசைநார்களும் அதனை ஒரு வில்வளைவாக அமைத்திருக்கின்றன. நிற்கும்போது அவ்வளைவு சிறிது தாழ்கிறது. பாதம் நீள்கிறது, அகல்கிறது. அமர்ந்திருக்கும்போது அளந்த பாதமும் நிற்கும்போது அளந்த பாதமும் ஒன்றல்ல. காலையில் இருந்த பாதம், பகலெல்லாம் நின்று வேலை செய்தபின் மாலையிற் சிறிது வீங்கிப் பருத்திருக்கும். வலக்காலும் இடக்காலும் முற்றும் ஒத்திருப்பவர் மிகச் சிலரே. வயது ஏற ஏறத் தசைநார் தளர்ந்து பாதம் நீள்வதும் உண்டு. ஆகவே, 20 வயதில் அறிந்த எண்ணை 60 வயதிலும் கடைக்காரரிடம் சொல்லுபவர், 40 ஆண்டுகளுக்கு முன்பிருந்த காலுக்கே சப்பாத்து வாங்குகிறார்.

பாதணிக்கும் பாதத்துக்கும் இடையிலுள்ள வழக்குப் புதியதன்று. சங்ககாலத் தமிழர் செருப்பைத் 'தொடுதோல்' என்றனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, மாடு மேய்க்கும் ஆயனின் வலிய பாதத்தைக் காட்டும்போது, செருப்பு அணிந்து அணிந்து அதில் வடுப் பதிந்திருந்ததையும் காட்டுகிறது. முள்ளையும் கல்லையும் விலக்கிய அதே தோல், தான் காத்த காலிலே தன் தழும்பையும் விட்டுச் சென்றது. காக்க வந்ததே காயம் செய்யலாம் என்னும் உண்மை அந்நாளிலேயே புலவர் கண்ணிற் பட்டிருக்கிறது.

யாழ்ப்பாணத்து மக்கள் இன்று வழங்கும் 'சப்பாத்து' என்னும் சொல் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. சப்பாத்து வந்த காலத்தில் எண்கள் வரவில்லை. தைப்பவர் ஒரு தாளை நிலத்தில் விரித்து, அதன்மேற் பாதத்தை வைக்கச் செய்து, ஓரத்தைச் சுற்றிப் பென்சிலாற் கோடிட்டு, புறங்காலின் சுற்றளவையும் கயிற்றால் அளந்துகொள்வார். பின்னர் அவ்வடிவில் மரக்கட்டை செதுக்கி, அக்கட்டையின்மேல் தோலை இழுத்துத் தைப்பார். செல்வருக்குத் தனிக்கட்டை, ஏனையோருக்கு இருக்கும் கட்டைகளுள் நெருங்கியது. எந்திரத்தில் ஆயிரமாயிரமாகச் சப்பாத்துகள் செய்யத் தொடங்கியபின் கட்டை தொழிற்சாலைக்குள் மறைந்தது. அதன் எண் மட்டும் வெளியே வந்தது. அன்று தொட்டுக் காலுக்கு ஏற்பச் சப்பாத்து என்பது போய், சப்பாத்துக்கு ஏற்பக் கால் என்ற நிலை உண்டாயிற்று.

அந்த எண்தான் யாது? ஆங்கிலேய முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி ஒரு வாற்கோதுமை மணியின் நீளம். அஃதாவது அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு, ஏறத்தாழ 8 மில்லிமீற்றர். நெல்லால் விரலை அளந்த தமிழரும் வாற்கோதுமையாற் காலை அளந்த ஆங்கிலேயரும் இவ்வகையில் உறவினரே. ஐரோப்பாக் கண்டத்தார் ஒரு சென்ரிமீற்றரில் மூன்றிலிரு பங்கை ஓர் எண்ணாகக் கொண்டனர். அவர்களின் 42 என்பது 28 சென்ரிமீற்றர் நீளமுள்ள கட்டையைக் குறிக்கும். 28 சென்ரிமீற்றர் நீளமுள்ள காலையன்று. கட்டை எப்போதும் காலினும் சிறிது நீளமாகவே இருக்கும். அமெரிக்கரோ ஆங்கிலேயர் முறையையே எடுத்துக்கொண்டு, தொடக்கப் புள்ளியை மாற்றிவிட்டனர். ஆதலால் ஆடவர் சப்பாத்தில் அமெரிக்காவின் 8, இங்கிலாந்தின் 8இலும் ஏறத்தாழ ஓர் எண் சிறியது.

இந்தக் குழப்பத்தின் விளைவை நெல்லியடியிலும் அயலிலுமுள்ள இல்லங்கள் நன்கறியும். வடமராட்சியிலிருந்து கடல் கடந்து சென்றோர் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் நோர்வேயிலும் இங்கிலாந்திலும் வாழ்கின்றனர். ஊருக்கு வருமுன் ரொறன்ரோவிலுள்ள தம்பி தொலைபேசியிற் கேட்கிறார்: "அண்ணை, உங்கட கால் என்ன நம்பர்?" "எட்டு" என்கிறார் தமையனார். அவர் மனத்திலுள்ளது இங்கிலாந்தின் எட்டு. தம்பி கடையில் எடுப்பது அமெரிக்காவின் எட்டு. பல்லாயிரம் மைல் கடந்து அன்போடு வந்த சப்பாத்து, திருமணத்துக்கு ஒரு முறை அணியப்பட்டுக் குதிகாலைக் கடித்துவிட்டுப் பெட்டிக்குள் உறங்கச் செல்கிறது. அன்பில் பழுதில்லை, அளவிலேதான் பழுது. எண்ணைச் சொல்லாமல், நின்ற நிலையில் தாளின்மேல் இரு பாதங்களையும் வரைந்து, நீளத்தையும் மிக அகன்ற இடத்தின் அகலத்தையும் மில்லிமீற்றரிற் குறித்து அனுப்பியிருந்தால் அந்தப் பிழை நேர்ந்திராது.

நீளம் ஒன்றே அளவாகாது என்பதை இங்கு வற்புறுத்த வேண்டும். 1920களில் அமெரிக்க நாட்டின் சார்ள்ஸ் பிரானக் என்பவர் பாதத்தை அளக்கும் தட்டொன்றை அமைத்தார். குதிகாலிலிருந்து விரல் நுனி வரையுள்ள நீளம், குதிகாலிலிருந்து பெருவிரல் அடிமூட்டு வரையுள்ள நீளம், பாதத்தின் அகலம் என மூன்றையும் அது அளக்கும். ஒரே நீளமுள்ள இருவரின் பாதங்களில் ஒருவருக்கு விரல்கள் நெடியனவாகவும் மற்றவருக்குக் குறியனவாகவும் இருக்கலாம். சப்பாத்து மடியும் இடமும் பாதம் மடியும் இடமும் ஒன்றாயிருந்தாலன்றி நடை இயல்பாகாது.

அகலத்தின் கதை இன்னும் பெரிது. வெறுங்காலுடன் வளர்ந்தவர்களின் பாதம், சிறு வயது முதல் சப்பாத்து அணிந்தவர்களின் பாதத்திலும் முன்புறம் அகன்றிருக்கும் என இந்தியாவிலே நடத்தப்பெற்று 2009ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. வாசலிலே பாதணியைக் கழற்றிவிட்டு உட்செல்லும் வழக்கம், மணல் முற்றம், கோயில் வீதி, வயல் வரம்பு, பனங்கூடல் ஆகிய இவை யாவும் வடமராட்சிச் சிறுவனின் விரல்களை விசிறி போல் விரியவிட்டு வளர்க்கின்றன. கடைகளில் வரும் சப்பாத்துகளோ பெரும்பாலும் நீளத்தில் மட்டும் வேறுபடுவன. அகன்ற பாதத்தர் என் செய்கிறார்? 7ஆம் எண் பக்கங்களில் இறுகுகிறது என்று 8ஐ எடுக்கிறார்; அகலத்தின் குறையை நீளத்தால் தீர்க்க முயல்கிறார். முன்புறம் இடம் கிடைக்கிறது; பின்புறமோ குதிகால் ஒவ்வொரு நடைக்கும் மேலெழுந்து உராய்கிறது. ஒரு நோவைத் தீர்க்க மற்றொரு நோவை விலைக்கு வாங்கியதாக முடிகிறது.

இதே பிழையை, இதனினும் கடுமையாகத் தண்டிக்கும் ஒரு சப்பாத்து உலகில் உண்டு. அதுவே பனிச்சறுக்குக்கு அணியும் சப்பாத்து. பனியே காணாத நெல்லியடிக்கு அதனால் என்ன பயன் என்று நேயர்கள் வியக்கலாம். புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்கு அது அயலான பொருளன்று. சுவிற்சர்லாந்தின் பாடசாலைகள் பல, மாரிகாலத்தில் மாணவரை மலைக்கு அழைத்துச் சென்று சறுக்கு முகாம் நடத்துகின்றன. அங்கே தமிழ்ப் பிள்ளையும் இரவற் சப்பாத்தில் ஏனைய பிள்ளைகளோடு நிற்கிறது. அதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. பாதத்தை அளப்பதில் மனிதர் கற்ற பாடங்கள் பலவும் அந்தச் சப்பாத்திலே திரண்டு நிற்கின்றன.

முன்னாளிற் பனிச்சறுக்குச் சப்பாத்துத் தோலால் ஆனது, கயிற்றால் இறுக்கப்பட்டது. 1950களிற் கயிற்றுக்குப் பதிலாக உலோகக் கொளுவிகள் வந்தன. 1960களிலே பொப் லாங் என்னும் அமெரிக்கர் பிளாஸ்டிக்கினாற் சப்பாத்து வார்த்து விற்பனைக்குக் கொணர்ந்தார். தோல் ஈரத்தில் இளகும். நாளடைவிற் காலின் வடிவைத் தானே கற்றுக்கொள்ளும். பிளாஸ்டிக் எதையும் கற்காது. முதல்நாள் அழுத்திய இடத்தை நூறாம் நாளும் அழுத்தும். ஆயினும் அந்த விறைப்பே அதன் பயன். சறுக்குபவர் முழங்காலை ஒரு பக்கம் சாய்த்தால் அச்சாய்வு உடனே காலடியிலுள்ள நெடும்பலகைக்குச் செல்ல வேண்டும். உள்ளே கால் சிறிது அசைந்தாலும் பலகை சொற்கேளாது. சரிவில் விரையும்போது பலகை சொற்கேளாமை ஆபத்தன்றோ?

ஆகவே இதற்குரிய அளவு முறையும் வேறாயிற்று. அதன் எண் கட்டையைக் குறிப்பதன்று, காலையே குறிப்பது. 26.5 என்று எழுதியிருந்தால் 26.5 சென்ரிமீற்றர் நீளமுள்ள பாதத்துக்கு உரியது என்பதே பொருள். அத்துடன் விரலடியின் அகலமும் மில்லிமீற்றரிற் குறிக்கப்படும். 98 ஒடுங்கியது, 100 நடுத்தரம், 102உம் அதற்கு மேலும் அகன்றவை. சப்பாத்தின் விறைப்புக்கும் ஓர் எண் உண்டு. எனினும் விறைப்பின் எண்ணை ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் மனம்போல் இடுகிறது; ஒருவரின் 100 மற்றவரின் 100 அன்று.

எண்களைக் கேட்டறிந்து அத்துடன் நிற்பவர் நல்ல பொருத்துநர் அல்லர். அவர் முதலிற் காலுறையைக் கழற்றச் சொல்லி, இரு பாதங்களையும் நின்ற நிலையில் அளப்பார். புறங்காலின் உயரம், கணுவின் புடைப்பு, கெண்டைக்காலின் பருமன், முழங்காலை வளைக்கும்போது கணுக்கால் எவ்வளவு மடிகிறது என்பன யாவற்றையும் பார்ப்பார். பின்னர் சப்பாத்தின் உள்ளிருக்கும் மெத்தென்ற உறையை வெளியே எடுத்துவிட்டு, வெற்று ஓட்டுக்குள் காலை விடச் செய்வார். விரல் நுனி முன்னே தொட்டு நிற்கும்போது, குதிகாலின் பின்னே ஒன்றரை முதல் இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளி இருப்பின் நீளம் பொருந்தியது என்று கொள்வார். அதன்பின்னரே உறையை உள்ளிட்டு அணிவிப்பார். நிமிர்ந்து நிற்கையில் விரல் முன்சுவரை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை முன்னே வளைக்கையில் குதிகால் பின்னே இருந்து, விரல் சுவரை விட்டு விலக வேண்டும். இதனை அறியாதவர், அணிந்தவுடன் விரல் தொடுகிறதே என்று அஞ்சிப் பெரிய எண்ணைக் கேட்கின்றனர். முதல் ஐந்து நிமிடம் இனிமையாயிருந்த பெரிய சப்பாத்து, மலையிலே காலை உள்ளே ஆடவிடுகிறது. ஆட்டத்தை நிறுத்தக் கொளுவிகளை இறுக்குகின்றனர்; புறங்காலின் குருதியோட்டம் தடைப்படுகிறது; விரல்கள் மரத்துக் குளிர்கின்றன. குளிருகிறதென்று இரண்டாவது காலுறையையும் அணிகின்றனர். இறுக்கம் மேலும் கூடுகிறது. பெரிய சப்பாத்தே காலை நெருக்குகிறது என்ற இந்த விந்தையை அவர்கள் அறிவதில்லை.

நீளம் பொருந்தியபின் எஞ்சியுள்ளது கைவேலை. உள்ளுறையைச் சூடாக்கிக் காலோடு சேர்த்து ஆறவிட்டால் அது காலின் வடிவைப் பெறும். பாதத்தின் வளைவுக்கேற்ப ஓர் உள்ளடியை வார்த்து அடியில் இடுவர். கணுவோ விரலடியோ எங்கு அழுத்துகிறதோ, அந்த இடத்தில் மட்டும் பிளாஸ்டிக் ஓட்டைச் சூடாக்கி வெளியே தள்ளுவர். அல்லது உட்புறத்தைச் சிறிது அராவுவர். இங்கேதான் கடைப்பொருள் ஒன்று ஒருவருக்கே உரிய பொருளாக மாறுகிறது. இறுகிய ஓட்டில் வேண்டிய இடத்தில் இடம் செய்யலாம். தளர்ந்த ஓட்டை இறுக்கவோ வழியில்லை. அகலக் குறையை அகலத்திலேயே தீர்க்க வேண்டும், நீளத்தால் அன்று என்னும் உண்மையைப் பனிமலைக் கைவினைஞர் இவ்வாறு நிலைநாட்டியுள்ளனர். ஆதலால் எண்ணைக் கூட்டிக் கேட்பதை விடுத்து, அகன்ற வகையைக் கேட்பதே அகன்ற பாதத்தர்க்குரிய முறை.

இக்கைவினை முழுவதிலும் பொருத்துநருக்கு வழிகாட்டும் கருவி ஒன்றுண்டு. அது அளவுகோலன்று, அணிபவரின் வலி. "இங்கே கடிக்கிறது, அங்கே இறுகுகிறது" என்று கால் சொல்ல, கை திருத்துகிறது. வலி என்னும் அச்சொல் இல்லையேல் மிகச் சிறந்த பொருத்துநரும் இருட்டிலே தடவுபவரே. இனிக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: வலியைச் சொல்ல இயலாத காலுக்குச் சப்பாத்து அமைப்பது எங்ஙனம்?

இக்கேள்விக்கு விடை தேடியவர் தமிழ்நாட்டிலே பிறந்த ஓர் ஆங்கில வைத்தியர். 1914ஆம் ஆண்டிற் கொல்லிமலையிலே பிறந்த போல் பிராண்ட், 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. அவர் உற்றுநோக்கிக் கண்டது வேறு. அந்நோய் நரம்பைத் தாக்கி உணர்ச்சியைப் போக்குகிறது. உணர்ச்சி போனபின் சூடும் ஆணியும் உராய்வும் தெரிவதில்லை. தெரியாத காயத்தின்மேல் நாள்தோறும் நடக்கிறார்கள். அதனாலேயே பாதம் அழிகிறது. தசையில் குற்றமில்லை, காவற்காரன் இறந்துவிட்டதே குற்றம். வேலூரிலும், 1955இல் அதனருகே கரிகிரியில் தோன்றிய தொழுநோய் ஆய்வு நிலையத்திலும், அறுவை மருத்துவத்தோடு பாதணி செய்தலும் ஒரு மருத்துவமாக வளர்ந்தது. நுண்ணிய காற்றுத் துளைகள் நிறைந்த மெல்லிய இறப்பரை உள்ளடியாகவும், முள் நுழையாத வலிய இறப்பரை வெளியடியாகவும் கொண்ட செருப்புகள் நோயாளரின் பாதத்தைப் பார்த்தே செய்யப்பட்டன.

பாதத்தைக் கெடுக்கும் அழுத்தம் மூவகைப்படும் என்பது பிராண்டின் ஆய்வுகள் தெளிவாக்கிய உண்மை. முதலாவது, இறுகிய சப்பாத்தின் மெல்லிய அழுத்தம். சிறிதாயினும் மணிக்கணக்கில் ஓயாது இருப்பதால் குருதியோட்டத்தைத் தடுத்துத் தோலை மாளச் செய்வது. இரண்டாவது, ஆணியோ கண்ணாடித் துண்டோ ஒரே நொடியில் ஊடுருவுவது. மூன்றாவது, ஒரே இடத்தின்மேல் ஆயிரம் ஆயிரம் முறை விழும் நடுத்தர அழுத்தம். ஒரு முறை விழுந்தால் தீங்கில்லை, ஓயாது விழுந்தால் அவ்விடம் சூடேறிச் சிவந்து புண்ணாவது. உணர்ச்சியுள்ளவர் இம்மூன்றையும் தம்மையறியாமலே தவிர்க்கிறார். சிறிது நொந்தவுடன் நொண்டுகிறார், பாரத்தை மறுகாலுக்கு மாற்றுகிறார், சப்பாத்தைக் கழற்றிவிடுகிறார். உணர்ச்சியற்றவரோ நொண்டுவதில்லை. அவர் நன்றாக நடப்பதே அவருக்குக் கேடு. 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், தொழுநோயாளரின் பாதத்திற் கற்ற பாடத்தை நீரிழிவாளரின் பாதத்துக்கும் பொருத்தினார். நோய் வேறு, இறந்த காவற்காரன் ஒருவனே.

நீரிழிவு வடமராட்சியில் வீடுதோறும் அறிந்த பெயர். மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்கு நெல்லியடியிலிருந்து செல்பவர் பலரும் இனிப்பையும் சோற்றையும் மருந்துக் குளிசையையும் பற்றிப் பேசுகின்றனர். காலைப் பற்றிப் பேசுபவர் சிலரே. ஆண்டுகள் பல சென்ற நீரிழிவில் பாதத்தின் உணர்ச்சி சிறிது சிறிதாகக் குறைவதை நோயாளரே அறியார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலோன் இழையைப் பாதத்திற் பல இடங்களில் தொட்டு, கண்ணை மூடியிருப்பவர் அதனை உணர்கிறாரா என வைத்தியர் சோதிப்பார். அந்த இழை தொட்டதை உணராதவர், இனிக் கடையிலே "நல்லாயிருக்கு" என்று சொல்லும் உரிமையை இழந்தவர். இறுகிய சப்பாத்தே அவருக்குப் பொருந்தியதாகத் தோன்றும். ஏனெனில் அத்துணை இறுகினாலன்றி அவருக்கு அது தெரிவதில்லை.

யாழ்ப்பாணத்தார் 'பாட்டா' என்று பொதுப்பெயராக வழங்கும் வார் கொண்ட இறப்பர்ச் செருப்பு, நலமுள்ள காலுக்கு எளிய நல்ல பாதணி. உணர்ச்சி குன்றிய காலுக்கோ அது ஏற்றதன்று. விரலிடை வார் அங்கே உராய்ந்து புண் செய்யும். அதனைக் கழன்றுவிடாமற் பிடித்திருப்பது விரல்களின் வேலை. உணர்வில்லாத விரல் பிடியை விட்டாலும் அறியாது. செருப்பு எங்கோ கழன்று கிடக்க, வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்தபின்னரே அறிபவர் உண்டு. விரலிடை வாரின்றி, முன்புறம் அகன்று, குதிகாலைப் பின்னிருந்து தாங்கும் பட்டையுடன், காலுக்கேற்ப இறுக்கவும் தளர்த்தவும் கூடியதாய், மெத்தென்ற உள்ளடி கொண்டதாய் உள்ள பாதணியே அவர்களுக்கு உரியது.

அத்தகைய காலுக்குப் பாதணி தேர்வதில், தன் வலிக்குப் பதிலாகப் பிறர் கண்ணும் கையும் துணையாக வேண்டும். மாலையிலே, கால் பருத்திருக்கும் வேளையில் கடைக்குச் செல்வது நன்று. வீட்டிலேயே தாளின்மேல் நின்று வரைந்த பாத வடிவை வெட்டி எடுத்துச் சென்று, அதனைச் சப்பாத்தின் உள்ளே இட்டுப் பார்க்கலாம். தாள் எங்கு மடிகிறதோ அங்கு நாளை தோல் மடியும். மிக நீண்ட விரலின் முன் ஒரு விரற்கிடை இடம் இருத்தல் வேண்டும். புதிய பாதணியை முதல்நாள் அரைமணி நேரமே அணிந்து, கழற்றியவுடன் மகனோ மகளோ பேரப்பிள்ளையோ பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சிவப்பு மறையாது நிற்கும் இடமும், புறங்கையால் தொட்டால் மற்ற இடத்திலும் சூடாயிருக்கும் இடமும், பேச முடியாத கால் எழுதிக் காட்டும் முறைப்பாடு எனக் கொள்ளத் தகும். அணியுமுன் ஒவ்வொரு நாளும் கையை உள்ளே விட்டுக் கல்லோ முள்ளோ உண்டா எனத் தடவுவதும், படுக்கைக்குச் செல்லுமுன் விரலிடுக்கையும் உள்ளங்காலையும் பார்ப்பதும் விளக்கேற்றுவது போல் அன்றாட வழக்கமாதல் வேண்டும். புண் கண்டால் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாது வைத்தியசாலைக்குச் செல்வதே முறை.

பாதணியைக் கழற்ற வேண்டிய இடங்களிலும் கவனம் வேண்டும். செல்வச்சந்நிதியின் வீதியும் வல்லிபுர ஆழ்வார் கோயிலின் வெண்மணலும் நண்பகலில் எவ்வளவு சுடும் என்பதை இந்நாட்டார் அறிவர். நலமுள்ள பக்தர் சூடு பொறாது விரைந்து நடப்பார். உணர்ச்சியற்றவர் அமைதியாக நடந்து, வீடு திரும்பியபின் கொப்புளத்தைக் காண்பார். பக்திக்கு நேரக் கட்டில்லை. மணல் குளிர்ந்திருக்கும் காலையும் மாலையும் இறைவனுக்குரிய வேளைகளே. நீரிழிவுள்ள பெரியோரை அவ்வேளைகளில் அழைத்துச் செல்வது இளையோரின் கடமை.

சில பாதங்களுக்குக் கடையில் உள்ள எதுவும் பொருந்தாது. விரல் இழந்தோ வளைவு குலைந்தோ வடிவு மாறிய அப்பாதங்களுக்குத் தனியே அச்செடுத்தே பாதணி செய்ய வேண்டும். இத்தகைய கைவினை யாழ்ப்பாண மண்ணுக்குப் புதியதன்று. இந்தியாவின் ஜெயப்பூரில் இறப்பராலும் மரத்தாலும் எளிய பொருள்களாலும் உருவாகிய செயற்கைக் கால், போரிலே கால் இழந்தோர்க்காக 1987 முதல் யாழ்ப்பாணத்திலும் செய்யப்படுகிறது. எஞ்சிய காலுக்கு அச்செடுத்து, அவ்வச்சின்மேற் குழியை வார்த்து, அணிவித்து, சிவந்த இடத்தைப் பார்த்துத் திருத்தி, மீண்டும் அணிவிக்கும் கைகளுக்கும், பனிமலை அடிவாரத்தில் பிளாஸ்டிக் ஓட்டைச் சூடாக்கித் தள்ளும் கைகளுக்கும் தொழில் ஒன்றே. ஒன்று விளையாட்டுக்கு, மற்றது வாழ்வுக்கு. இரண்டிலும் அளவெடுப்பவர் அவசரப்படலாகாது. அணிபவர் ஒரு முறையோடு முடிந்தது என்று எண்ணலாகாது. முதல்நாட் பொருத்தம் ஒரு முன்னுரை மட்டுமே. பல நாள் நடந்தபின் திரும்பி வந்து திருத்துவதே முழுப் பொருத்தம்.

தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆண்டுத் தொடக்கத்திற் பாடசாலைக்கும் நெல்லியடிக் கடைகளில் சப்பாத்து வாங்கும் கூட்டம் நிறையும். வளரும் பிள்ளைக்கு இரண்டு எண் கூட்டி வாங்கி முன்னே பஞ்சு அடைக்கும் பெற்றோரும், பழைய எண்ணையே சொல்லும் பெரியோரும், வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு எண் சொல்லி அனுப்புவோரும் அக்கூட்டத்தில் இருப்பர். அவர்கள் அனைவருக்கும் தேவையானது ஒரு வெள்ளைத் தாளும் ஒரு பென்சிலும் ஓர் அடிமட்டமுமே. வீட்டில் நீரிழிவுள்ள தாயோ தந்தையோ இருப்பின், முதலில் அளக்க வேண்டியது அவர்களின் பாதத்தை. அவர்கள் கால் நோகிறது என்று சொல்லும்வரை காத்திருத்தல் கூடாது. அது சொல்லாமலே போய்விடலாம்.